சைவப் பாம்பு வளர்த்தவர்

என் வீட்டுக்காரர் பேரை நான் வாயால சொல்ல மாட்டேன். தூத்துக்குடி கடற்கரை ரோட்டுல, கருப்பட்டிக் கடைப் பலகையில பெருசா எழுதிப் போட்டிருக்கார். வேணும்னா போய்ப் படிச்சுக்கிடுங்க. பனங்காட்டுல பிறந்து, பதநீர்ப் பானை சுமந்து, ஊரான் கடையில பொட்டலம் மடிச்சு, பிறகு சொந்தமாக் கடை வச்சவர். உழைப்பாளிதான், நான் இல்லைங்கல. ஆனா நாலு பேர் அண்ணாச்சின்னு கும்பிட ஆரம்பிச்சதும் மனுசனுக்குக் கால் தரையில பாவலை.

ஜப்பான்காரன் குண்டு போட்டுருவான்னு ஊரே நடுங்கின சண்டைக் காலம் அது. எனக்குக் காய்ச்சல் வந்து மார்ல பால் வத்திப்போச்சு. பிள்ளைக்கு ஒரு வயசு நிரம்பலை. கஞ்சித் தண்ணியைக் குடிச்சுக் குடிச்சுக் கையும் காலும் குச்சியாப் போச்சு. தினமும் ஒரு உழக்குப் பால் வாங்குங்கன்னு கெஞ்சினேன். "சண்டைக் காலத்துல பாலுக்கு நான் எங்க போக?"ன்னுட்டார்.

அப்பத்தான் திருச்செந்தூருக்கு மாலை போட்டார். கடைக்குப் பின்கட்டுல இருந்த எங்க வீட்டுல மீன் வாடையே கூடாதுன்னு உத்தரவு. அதே வாரம் கருப்பட்டிச் சிப்பத்துக்கு அடியில ஒரு பாம்புக் குட்டி கிடந்துது. சாரைக் குட்டி. பனங்காட்டுல பிறந்த எவளைக் கேட்டாலும் சொல்லிருவா. இவரும் அங்கன பிறந்தவர்தான், ஆனா இவருக்குத் தெரியலையாம். மயில் காலடியில இருந்து முருகனே அனுப்பி வச்சதுன்னு கன்னத்துல போட்டுக்கிட்டார்.

பாம்புக்கு வீடு ஒரு பிஸ்கட் தகரப் பெட்டி. உள்ள சரிகைத் துண்டு, மூடியில சந்தனப் பொட்டு. அதைக் கொண்டுபோய் முத்தத்து வெயில்ல வச்சார், சூரிய நமஸ்காரம் பண்ணட்டும்னு. தகரம் கொதிச்சா உள்ள இருக்கிறது வேகாதா? நான்தான் ஆணியால ஓட்டை போட்டு, நிழலுக்கு நகர்த்தி, துண்டை உருவிட்டு மணலைப் பரப்பினேன். ஒளிஞ்சுக்கிட உடைஞ்ச பானை ஓடு ஒண்ணைக் கவுத்தி, தண்ணிக்கு ஒரு சிரட்டையும் வச்சேன்.

தீனிதான் பெரிய கூத்து. மாலை போட்ட வீட்டுல உசுரோட இருக்கிறது எல்லாம் சைவமா இருக்கணுமாம். பாம்பும்தான். பால்காரி சுடலைமாடத்தியைக் கூப்பிட்டுத் தினமும் ஒரு உழக்குப் பாலுக்கு வாடிக்கை வச்சார். பெத்த பிள்ளைக்குக் கிடைக்காத பால் தகரப் பெட்டிக்குக் கிடைச்சிருச்சு. பாம்பு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. வாழைப்பழத்தைப் பிசைஞ்சு வச்சார், அதையும் சீந்தலை. மெலிஞ்சு மெலிஞ்சு நூலாப் போச்சு. "விரதம் இருக்கு"ன்னார்.

அது செத்தா பால் நின்னுரும். எனக்கு அந்த ஒரு பயம்தான். அவர் கடையில உட்கார்ந்ததும் பாலை எடுத்துக் காய்ச்சிப் பிள்ளைக்குக் கொடுத்தேன். மூட்டை இடுக்குல கிடந்த எலிக்குஞ்சை எடுத்துக் குச்சி நுனியில வச்சுப் பெட்டிக்குள்ள ஆட்டினேன். விரதம் இருந்தது ஒரே கவ்வாக் கவ்விட்டு. அதுல இருந்து இதே பழக்கமாப் போச்சு. பாம்பு சட்டை உரிச்சு மினுமினுன்னு வளர்ந்துது. பிள்ளைக்கும் கன்னம் வச்சுது.

அதுக்கு அவர் பண்ணின அலப்பறை இருக்கே! வாறவன் போறவனை எல்லாம் நிறுத்தி, பாலும் பக்தியும் கொடுத்து வளர்த்த சைவப் பாம்புன்னு காட்டுவார். பிள்ளை தேறினதும் சாமி வீட்டுக்கு வந்த ராசியாம்.

துறைமுகத்துல தோணி ஓட்டுற பர்னபாஸ் ஒரு வெள்ளிக்கிழமை கருப்பட்டி வாங்க வந்தார். "பாம்பு எங்கன பால் குடிக்கும் அண்ணாச்சி? எங்க ஆளுவ கேட்டா சிரிப்பானுவ"ன்னார். இவருக்கு ரோசம் பொத்துக்கிட்டு வந்துட்டு. "ஏளா முத்துக்கனி, பெட்டியைக் கொண்டா"ன்னு எனக்குச் சத்தம் கொடுத்தார். அது அப்பத்தான் தின்னுட்டுக் கிடந்துது. தூங்குது, விடுங்கன்னேன். என் பேச்சைக் கேட்டாத்தானே. தானே உள்ள வந்து தூக்கிட்டுப் போய், வயித்தைத் தடவித் தடவிக் காட்டினார். அது வாயைப் பொளந்து, நனைஞ்ச எலிக்குஞ்சு ஒண்ணைத் திருநீத்துத் தட்டுல கக்கிட்டு.

"பக்தி செரிக்கலை போலிருக்கு அண்ணாச்சி"ன்னுட்டு பர்னபாஸ் கருப்பட்டியை வாங்கிக்கிட்டுப் போயிட்டார்.

பாம்பை உடைமரக் காட்டுல கொண்டுபோய் விட்டுட்டு வந்து என்னை நிறுத்தினார். எலி போட்டது யாருன்னு கேட்டார். நான்தான்னேன். அப்ப இத்தனை நாள் பால் எங்க போச்சுன்னு கேட்டார். மடியில இருந்த பிள்ளையைக் காட்டினேன். பிள்ளையை அவர் பார்க்கக்கூட இல்லை. கடையில மானம் போனதுதான் அவருக்குப் பெருசு.

மறுநாள் காலையில சுடலைமாடத்தி பால் கொண்டாந்தா. "இனிமே வேண்டாம். பாம்பு போயிட்டு"ன்னார். நான் பிள்ளையை இடுப்புல வச்சுக்கிட்டுச் செம்பை நீட்டினேன். "ஊத்து மாடத்தி, பிள்ளைக்கு"ன்னேன்.

"பொட்டப்பிள்ளைக்குப் பால் எதுக்குளா?"ன்னு கேட்டார். சண்டைக் காலம்னு இந்தத் தடவை சொல்லலை.

மாடத்தி அவரை ஒரு பார்வை பார்த்துட்டு என் செம்பை நிறைச்சா. சாரைக்கு விஷம் கிடையாதேன்னு மட்டும் அன்னைக்கு எனக்கு ரொம்ப வருத்தமா இருந்துது.