ரகசியத்தை ஆறங்குல எழுத்தில் எழுதினேன்

எச்சரிக்கை போஸ்டர் வரைகிற பிழைப்பில் ஒரு சங்கடம் உண்டு: யாரை எச்சரிக்க வேண்டுமோ, அவரேதான் போஸ்டரைப் பார்த்து "சரி" என்று கையெழுத்துப் போடுவார்.

எண்பதுகளின் கடைசியில் தர்மபுரியில் ஒரு அரசாங்க ஆபீசில் நான் தற்காலிக ஆர்டிஸ்ட். எந்த ஆபீஸ் என்று கேட்காதீர்கள், அதில் இருந்தவர்கள் இன்னும் பென்ஷன் வாங்குகிறார்கள். அங்கே புதிதாகக் கம்ப்யூட்டர் வந்திருந்தது. அதையும் அதில் இருக்கிற விவரங்களையும் எப்படிப் பத்திரமாகக் காப்பது என்று மெட்ராசிலிருந்து சுற்றறிக்கை மேல் சுற்றறிக்கை வரும். அதையெல்லாம் படமும் எழுத்துமாக்கிச் சுவருக்குக் கொண்டுபோவது என் வேலை. எனக்கும் கம்ப்யூட்டர் ரூமுக்கும் சேர்த்து ஒரே சூப்பிரண்டு, ராஜமாணிக்கம். அந்த மெஷினின் சுவிட்ச் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. எழுத்தைப் பெரிசாக்கு, சின்னதாக்கு, ஏன் மாத்தினே, பழையபடியே வை என்கிற அதிகாரியிடம் மாட்டியவர்கள் யாராவது இதைப் படித்தால், உங்களுக்காகத்தான் எழுதுகிறேன். மற்றவர்கள் நான் கதை விடுவதாக நினைப்பார்கள்.

மீசை

முதல் போஸ்டர், "ஆபீஸ் விவரங்களை வெளியே சொல்லாதீர்." உதட்டில் விரல் வைத்த ஒரு ஆளை வரைந்தேன். மீசை வைத்திருந்தேன். ராஜமாணிக்கம் சாருக்கு முகம் சிவந்துவிட்டது. "இது என்னைத்தானேம்மா வரைஞ்சிருக்கே?" அவருக்கு வாயை மூடும் பழக்கமே கிடையாது, அவரைப் பார்த்து எப்படி அந்தப் படத்தை வரைய முடியும்? மீசையை எடுத்தேன். இப்போது அது அக்கவுண்ட்ஸ் செக்ஷன் ஆபீசர் மாதிரி இருக்கிறதாம். பெண்ணாக மாற்றினேன். "பொம்பளைங்கதான் வாய் ஓயாம பேசுறோம்னு சொல்றீங்களா ஜமீலா?" என்று டைப்பிஸ்டுகள் மூன்று பேர் சண்டைக்கு வந்தார்கள். தாடி வைக்கலாமா என்று நானே கேட்டேன்.

ஒன்பது நாள் போனது. கடைசியில் முகமே இல்லாமல், நடுவானில் ஒரு விரல் மட்டும் நிற்கிற போஸ்டருக்கு அனுமதி கிடைத்தது. பஸ் ஸ்டாண்டுக்கு வழி காட்டுகிற பலகை மாதிரி இருந்தது. கையெழுத்துப் போட்டுவிட்டு ராஜமாணிக்கம் சார் திருப்தியாகச் சொன்னார்: "விரல்னா யாரும் தகராறுக்கு வர மாட்டாங்கம்மா. எல்லாருக்கும் இருக்கு பாரு."

தட்டு

கம்ப்யூட்டருக்கும் வைரஸ் வரும் என்று ஒரு சுற்றறிக்கை வந்தது. வெளி ஆட்கள் கொண்டுவரும் ஃப்ளாப்பியைப் போடக்கூடாது, அவ்வளவுதான் விஷயம். போஸ்டரில் ஒரு ஆங்கில வார்த்தைகூட இருக்கக்கூடாது என்று உத்தரவு. ஃப்ளாப்பிக்குத் தமிழ் என்ன? டிஸ்க்தானே, தட்டு என்று போடு என்றார் சார். வேண்டாம் என்று சொல்லிப் பார்த்தேன். "தமிழ்ல நீ பண்டிதரா, நான் பண்டிதரா?" என்று கேட்டார். இரண்டு பேருமே இல்லை. போஸ்டர் இப்படி வந்தது: "வெளித் தட்டுகளை உள்ளே கொண்டுவராதீர். கிருமி பரவும்." பக்கத்தில் கறுப்புச் சதுரமாக ஒரு ஃப்ளாப்பி.

கிருமி என்கிற வார்த்தையைப் பார்த்ததும் தபால் பிரிவில் போஸ்டர் கட்டு ஒன்றை அப்படியே ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பிவிட்டார்கள். நாத்தனார் பிரசவத்துக்குப் பாப்பாரப்பட்டிக்குப் போனபோது, வார்டு வாசலில் என் போஸ்டர் தொங்கிக்கொண்டிருந்தது. நான்தான் வரைந்தேன் என்று தெரிந்ததும் நர்சம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "இதை மாட்டினதுலருந்து வூட்டுலருந்து சோத்துத் தட்டு யாரும் கொண்டு வர்றதில்லீங்க அக்கா. ஆனா அந்தக் கறுப்பா சதுரமா இருக்கறது என்னங்க, சோப்பா?"

தக்காளி

கம்ப்யூட்டர் ரூமில் ஏசி. அதன் கதவுக்கு "அனுமதியின்றி உள்ளே வரக்கூடாது" என்று சிவப்பில் எழுதிக் கொடுத்தேன். ஒரு நாள் மாரண்டஹள்ளியிலிருந்து ஒரு விவசாயி, அவங்க அம்மாவின் பெயர் முதியோர் பென்ஷன் பட்டியலில் தப்பாக ஏறியிருக்கிறது என்று வந்தார். வெறுங்கையோடு வரக்கூடாதென்று யாரோ சொல்லியிருப்பார்கள் போல, ஒரு கூடை தக்காளியும் கொண்டுவந்திருந்தார்.

ராஜமாணிக்கம் சார் என் போர்டைக் காட்டி அவரை வாசலிலேயே நிறுத்தினார். பிறகு பியூனைக் கூப்பிட்டு, வாடிப்போகும் என்று கூடையை ஏசி ரூமுக்குள் வைக்கச் சொன்னார். கதவு திறந்து, கூடை போய், கதவு மூடிக்கொண்டது. அந்த மனுஷன் போர்டை ஒரு தடவை படித்தார், என்னைப் பார்த்தார். "ஏனுங்க, தக்காளி மட்டும் அனுமதி வாங்கியாந்துச்சுங்களா?"

உதாரணம்

இதைச் சிரித்துக்கொண்டே சொல்ல எனக்கு வராது. பாஸ்வேர்டை ரகசியமாக வைக்கச் சொல்லி ஒரு போஸ்டர். நல்ல பாஸ்வேர்டுக்கு உதாரணம் கொடுத்தால்தான் ஜனங்களுக்குப் புரியும் என்று சார் ஒரு துண்டுச் சீட்டில் எழுதி, "சரிபார்த்தேன்" என்று கையெழுத்தும் போட்டுக் கொடுத்தார். அவர் மகள் பெயரும் ஒரு எண்ணும். நானும் ஆறங்குல எழுத்தில், மஞ்சளில் தீட்டி, வராந்தாவில் ஒட்டினேன்.

கம்ப்யூட்டர் ஆபரேட்டர் மாதம்மாள், ஏரியூர்க்காரப் பெண், என்னை மாதிரியே தற்காலிகம். போஸ்டரைப் பார்த்ததும் ஓடிப்போய், "சார், அது நம்ம நெஜ பாஸ்வேர்டுங்க சார்" என்றிருக்கிறாள். "உதாரணத்தை எவனாவது நெஜம்னு நெனப்பானா?" என்று அவர் விரட்டிவிட்டார். இரண்டு வாரத்தில் பென்ஷன் பட்டியலில் பதினோரு கிழவிகளின் பெயர் காணாமல்போய், வேறு பதினோரு பேர் ஏறியிருந்தார்கள். மறுநாள் காலையில் சுவரில் போஸ்டர் இல்லை, பசை மட்டும் இருந்தது. பாஸ்வேர்டை வெளியே விட்டதாக மாதம்மாளுக்கு மெமோ வந்தது. அது போஸ்டரில்தான் வெளியே போனது என்று அவள் சொன்னாள். விசாரணையில் ஆபீசே ஒரே குரலில், அப்படி ஒரு போஸ்டரை நாங்கள் பார்த்ததே இல்லை என்றது. பாதிப்பேர் பொய் சொன்னார்கள். பாதிப்பேர் நிஜமாகவே பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு எது அதிகம் வலித்தது என்று இன்னும் தெரியவில்லை.

சார் என் மேஜைக்கு வந்து, "அந்தத் துண்டுச் சீட்டு இருந்தா குடுத்துடும்மா. உன் ஆர்டரை அடுத்த மாசம் நான்தான் புதுப்பிக்கணும்" என்றார். கிழித்துப் போட்டுவிட்டதாகச் சொன்னேன். அது என் டிராயிங் நோட்டுக்குள்தான் இருந்தது. இரண்டு நாள் பேசாமல் இருந்தேன். என் வேலையும் போய்விட்டால் வீட்டில் அடுப்பு எப்படி எரியும் என்று யோசித்தேன், ஒளிப்பானேன். மூன்றாம் நாள் மாதம்மாள் தன் டிபன் டப்பாவை எனக்கு நகர்த்திவிட்டு, "நீங்க சாப்பிடுங்கக்கா, எனக்கு எறங்கல" என்றாள். சோற்றை நான் தொடவில்லை. சீட்டை எடுத்துக்கொண்டு நேராக விசாரணை அதிகாரியிடம் போனேன். கூடவே, ஞாபகத்திலிருந்து அந்தப் போஸ்டரை அதே அளவில் இன்னொரு தடவை தீட்டிக் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன்.

மாதம்மாளின் மெமோ ரத்தானது. பதினோரு கிழவிகளும் பட்டியலுக்குத் திரும்பினார்கள். ராஜமாணிக்கம் சாருக்கு வேறு செக்ஷன், ஜன்னலோரம், இதைவிடப் பெரிய மேஜை. என் ஆர்டர் புதுப்பிக்கப்படவில்லை. பென்ஷன் பட்டியலில் கை வைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. என் போஸ்டரை முழுசாகப் படித்த ஒரே ஆள் அவர்தான். விசாரணை அதிகாரி மட்டும் விரித்த போஸ்டரைத் தூரத்திலிருந்தும் கிட்டத்திலிருந்தும் பார்த்துவிட்டு, குற்றம் எங்கே என்று கண்டுபிடித்தவர் மாதிரி என்னிடம் சொன்னார்: "இவ்வளவு தெளிவா எழுதியிருக்க வேண்டியதில்லைம்மா."

ஆக, அந்த ஆபீசில் நான் இருந்தவரைக்கும் ஒரு அரசாங்க ரகசியமும் திருட்டுப்போகவில்லை, எல்லாமே முறைப்படி கையெழுத்தாகித்தான் வெளியே போயின.