ஃபேன் நின்றால் முதலில் யாருக்குச் சொல்வது?

போன வாரம் தேயிலைத் தொழிற்சாலையை நடத்தும் டீமேக்கர் போனில் வெடித்தார். “தம்பி, நீங்க மாட்டின பெட்டி சுத்த வேஸ்ட்! ஃபேன் நின்னு கொழுந்தெல்லாம் செவந்து போச்சு. ஒடனே வாங்க!”

என் வயிற்றுப்பிழைப்பு நெட்வொர்க் வேலை என்பதுதான் உங்களுக்குத் தெரியுமே. பதுளைக்கு மேலே ஒரு தோட்டம்... பேர் வேண்டாம், மறுபடி உள்ளே விட மாட்டார்கள். அங்கே கொழுந்து வாட்டும் மாடியில் பெரிய ஃபேன்களைக் கண்காணிக்க ஒரு பெட்டி மாட்டியிருந்தேன். ஃபேன் நின்றால் போனுக்கு மெசேஜ் வரும்; பெட்டியில் பாஸ்வேர்ட் அடித்தால் மறுபடி ஓடும். அவ்வளவுதான் அதன் படிப்பு.

போனேன். ஆபீஸ் வாசலில் ராஜேஸ்வரி அக்கா நின்றிருந்தார். மாடியைப் பார்த்துக்கொள்பவர். முகம் செத்துப்போயிருந்தது.

“ஃபேன் நின்னது என் தப்பாம், நாளையிலேர்ந்து மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகச் சொல்லிட்டாங்க தம்பி. இந்த முழங்காலோட சரிவுல எப்படி நிக்கிறது? மிஷின் பாத்துக்கும், நீ கீழ போயி சலிக்கிற வேலையப் பாருன்னு அவங்கதானே அனுப்புனாங்க?”

அவரையும் டீமேக்கரையும் கூட்டிக்கொண்டு மாடிக்குப் போய், பெட்டியைத் திறந்து பதிவைப் பார்த்தேன். ஒன்பது நாற்பதுக்கு ஃபேன் நின்றிருக்கிறது. அதே நிமிஷம் தொரைக்கு, அதாவது தோட்ட மேனேஜருக்கு, மெசேஜ். பத்து நாற்பதுக்கு டீமேக்கருக்கு. பெட்டி ஒழுங்காகத்தான் வேலை செய்திருக்கிறது. வேஸ்ட் யார்?

எனக்கு வெட்கமாகிவிட்டது. மாட்டும்போதே, “மாடியில நிக்கிறவங்க நம்பரைப் போடலாமா ஐயா?” என்று கேட்டேன். டீமேக்கர் பதறிவிட்டார்.

“என்ன தம்பி பேசுறீங்க? தொரைக்குத் தெரியுறதுக்கு முன்னாடி எனக்குத் தெரிஞ்சாலே மரியாதை இல்ல. ஒரு மணி நேரம் விட்டு எனக்கு. ஆளுங்களுக்கு நாங்க சொல்லிக்குவோம்.”

நானும் பூம்பூம் மாடு மாதிரி தலையாட்டிவிட்டு வந்தேன். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் தொரை, டீமேக்கர், ஆட்கள் என்று நிற்கிற வரிசையை அப்படியே பெட்டிக்குள் ஏற்றியிருக்கிறேன். நெருப்புப் பிடித்தாலும் மேலிடம் வழியாகத்தான் தண்ணீர் ஊற்ற வேண்டும்!

“தப்பு அக்கா மேல இல்ல ஐயா. நம்ம ரெண்டு பேர் மேலதான்” என்றேன். டீமேக்கர் வியர்த்தபடி தொரைக்கு போன் போட்டு ஸ்பீக்கரில் வைத்து, பெட்டி அனுப்பிய மெசேஜையும் அக்கா விஷயத்தையும் சொன்னார். தொரை பண்டாரவளையில் ஏதோ மீட்டிங்கில்.

“அந்த நம்பரா? அத நான் அன்னைக்கே பிளாக் பண்ணிட்டேன். ஒரே நாள்ல ஏழு மெசேஜ்!”

(அந்த ஏழும் நான் அனுப்பிய டெஸ்ட் மெசேஜ். வாயைத் திறப்பேனா?)

“இங்கேருந்து நான் வந்தா ஃபேனப் போடுறது? பக்கத்துல நிக்கிறவங்களுக்குச் சொல்லுங்க டீமேக்கர். அந்தம்மா மாடியிலயே இருக்கட்டும்!”

அக்கா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அவர் நம்பரை முதலில் போட்டேன். உடனே அடுத்த கேள்வி.

“தெரிஞ்சுக்கிட்டு மட்டும் என்ன தம்பி பண்றது? ஃபேன மறுபடி போட பாஸ்வேர்ட் வேணுமில்ல? அதுக்கு ஐயாவத் தேடிக்கிட்டு தோட்டமெல்லாம் ஓடவா?”

நியாயம்தானே? பெட்டியில் அவர் பெயரில் ஒரு கணக்குத் திறந்து, பாஸ்வேர்டை அவரே போடட்டும் என்று என் போனை அவர் கையிலேயே கொடுத்தேன். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடுவாரா? டீமேக்கர் தொண்டையைச் செருமினார்.

“இருங்க தம்பி, பாஸ்வேர்ட் விஷயம்... தொரைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு...”

அதற்குள் அக்கா புது பாஸ்வேர்ட் போட்டு முடித்திருந்தார்.