மெதுவாக இளைக்கச் சொன்ன மாஸ்டர்

எங்கள் தீவின் ஜெட்டியில் கப்பலிலிருந்து என் வெங்காய மூட்டைகள் இறங்கிக்கொண்டிருந்தபோது, மாஸ்டர் குடியிருக்கும் டாலிகஞ்சிலிருந்து போன் வந்தது. "தங்கராஜ் மாஸ்டர் குளியலறையில விழுந்துட்டாரு. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிருச்சு." அவரைத் தெரிந்த எல்லோரும் வயசு, மாரடைப்பு என்றுதான் நினைத்திருப்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். நடந்தது வேறு. அவர் மனைவியின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன்.

மாஸ்டர் ஓய்வு பெற்ற உடற்பயிற்சி ஆசிரியர். கடைக்காரர்களான எங்களைத் தினமும் மைதானத்தில் நடக்க வைத்தவர். முட்டி தேய்ந்து உடம்பு கனத்த பிறகும் பெஞ்சில் உட்கார்ந்து விசில் ஊதி விரட்டுவார்.

ஒரு சமயம் நான் சோற்றை அடியோடு விட்டு இளநீரும் வெள்ளரிக்காயுமாகக் கிடந்தேன். முதலில் எடை மளமளவென்று இறங்கியது, பிறகு நின்றுவிட்டது. கடையிலேயே தலைசுற்றி சர்க்கரை மூட்டைமேல் சாய்ந்தேன். செய்தி கேட்டு வந்த மாஸ்டர் ஆறுதல் சொல்லவில்லை.

"கப்பல் வரலைன்னா நீரு என்னவே செய்வீரு? கேட்டவனுக்கெல்லாம் அள்ளிக் கொடுப்பீரா?"

"ஆளுக்கு ஒரு கிலோன்னு இறுக்கிப் பிடிப்பேன்."

"உடம்பும் யாவாரிதான்வே. பட்டினி போட்டா செலவைச் சுருக்கிக்கிடும். கொழுப்போட சேர்த்து சதையையும் தின்னுப்போடும். அப்புறம் பழையபடி தின்னா எடை திரும்பி வந்துரும்."

சோற்றில் ஒரு கரண்டி மட்டும் குறைக்கச் சொன்னார். மீன், முட்டை, பருப்பில் கை வைக்கக் கூடாது. மாதத்துக்கு இரண்டு கிலோ இறங்கினால் போதும், அவசரப்பட வேண்டாம் என்றார். ஒரு வருஷத்துக்கு மேல் ஆனது. ஆனால் இறங்கிய எடை ஏறவில்லை.

நடை முடிந்தால் வங்காளி டீக்கடையில் ரொட்டியும் முட்டையும் சாப்பிடுவோம். எங்கள் தட்டு நிறைகிறதா என்று பார்ப்பவர் அவர்தான். தனக்குப் பால் ஊற்றாத கட்டன் சாயா மட்டும்.

"மாஸ்டர்ஜி, ஆப்கா பிளேட்?" என்று டீக்கடைக்காரர் இந்தியில் அவர் தட்டைக் கேட்டால், வீட்டிலேயே சாப்பிட்டாயிற்று என்பார். கடைசி மாதங்களில் சட்டை தொளதொளத்தது. "என்ன மாஸ்டர், மறுபடி மாப்பிள்ளை ஆகப் போறீங்களா?" என்று கிண்டல் செய்தேன்.

"ஊருக்குச் சொன்னதை நானும் செய்யாண்டாமாவே?" என்று சிரித்தார்.

துக்க வீட்டில் அவர் மனைவி என்னிடம் கேட்டார்: "அண்ணாச்சி, தெனமும் காலைல உங்ககூட வயிறாரச் சாப்பிட்டாகல்லா?"

ஆமாம் என்று சொல்லியிருக்கலாம். பொய் சொல்ல வாய் வரவில்லை. "இல்லம்மா. வீட்டுல சாப்பிட்டேன்னுதான் சொல்வாரு."

"உங்க பேரைச் சொல்லித்தான் என் இட்லியை வேண்டாம்னாக," என்றார் அந்த அம்மா. ராத்திரியில் கஞ்சித் தண்ணீர்தானாம்.

முட்டியில் ஆபரேஷன் செய்ய வேண்டும், எடையைக் குறைத்துவிட்டு வாருங்கள் என்று கடல் தாண்டி மெயின்லேண்டில் டாக்டர் சொல்லியிருக்கிறார். மெதுவாகக் குறைக்க மாஸ்டருக்குப் பொறுமையில்லை. பட்டினியில் உப்புச்சத்து இறங்கி இதயத்துடிப்பு தடுமாறியிருக்கும் என்றார் இங்குள்ள டாக்டர்.

எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் வந்தது. எடைக்கல்லில் ஏமாற்றுகிறவனை ஒரே பார்வையில் பிடிப்பவன் நான். எதிரே உட்கார்ந்து என் பெயரை வைத்தே பட்டினி கிடந்தவரைப் பிடிக்கத் தெரியவில்லை. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருக்கலாம். எங்களுக்குக் கொடுத்த அவகாசத்தைத் தனக்குக் கொடுத்துக்கொள்ள அவருக்கு மனசில்லை.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவர் சொன்ன முறையும், அது காப்பாற்றிக் கொடுத்த இந்த உடம்பும்தான். இன்று காலை டீக்கடையில் ரொட்டியும் முட்டையும் வாங்கினேன். அவர் சொன்னது சரி என்பதால் மிச்சம் வைக்காமல் தின்றேன். அவரை இன்னும் மன்னிக்கவில்லை.