செத்த பெட்டி என்ன எழுதியிருந்தது

புரட்டாசி பிறந்த அன்று காலை பதினொன்றரைக்குப் பிறை என்னும் ஊரில் இருக்கும் ஒரு தொழிற்சாலையின் கேன்டீனிலிருந்து போன் வந்தது. "தம்பி, உங்க ஆப் மண்டையப் போட்டுருச்சு லா. லைன் கதவு வரைக்கும் நிக்குது" என்றார் கேன்டீன் அண்ணன். அங்கே வேலை செய்பவர்கள் மதியச் சாப்பாட்டைத் திரையில் தொட்டுத்தான் சொல்ல வேண்டும். அந்த ஆப்பைப் பார்த்துக்கொள்வது எங்கள் வேலை. லிட்டில் இந்தியாவில் ஒரு புடவைக்கடைக்கு மேல்மாடியில் மேனேஜர், நான், ஓர் அக்கா என்று மூன்றே பேர்.

அக்காவுக்கு ஒப்பந்த வேலை, அந்த மாதக் கடைசியோடு முடிகிறது. நீட்டிப்பதா வேண்டாமா என்று மேனேஜர் வாயைத் திறக்கவில்லை. விரதக்காரர்களுக்காக, போன புரட்டாசியோடு மூடிவைத்த 'சைவம்' என்ற பொத்தானை முந்தின நாள்தான் அக்கா மறுபடி திறந்துவிட்டிருந்தார்.

எங்கள் ஆப் கண்டெய்னர் என்ற பெட்டிக்குள் ஓடுகிறது. அப்படிப் பல பெட்டிகள் சேர்ந்தது கிளஸ்டர். ஒரு பெட்டி செத்தால் அதே பெயரில் உடனே இன்னொன்றை அது எழுப்பிவிடும். என்ன செய்தோம், எங்கே இடறினோம் என்று ஒவ்வொரு பெட்டியும் எழுதிவைப்பதுதான் லாக். அதைப் படிப்பதில் நான் பெரிய கெட்டிக்காரன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

லாக்கைத் திறந்தேன். தொடங்கிவிட்டது, எல்லாம் சரி, ஆர்டருக்குக் காத்திருக்கிறது. மூன்றே வரி. மறுபடியும் போன், மறுபடியும் செத்துவிட்டதாம். மறுபடியும் திறந்தேன், அதே மூன்று வரி. செத்துவிட்டது என்று கேன்டீன் சொல்கிறது, சௌக்கியமாக இருக்கிறேன் என்று ஆப் சொல்கிறது. நான் யாரை நம்புவது? வேறு ஏதோ ஆப்பின் லாக்கைப் பார்க்கிறேனோ என்று பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தேன். பெயர் சரியாகத்தான் இருந்தது.

மேனேஜர் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். "என்னா தெரியுது?"

"லாக்ல ஒன்னும் இல்ல போஸ். நேத்து அக்கா மாத்தினதுதான் ஏதோ..." என்று இழுத்தேன். எனக்குப் புரியவில்லை என்று சொல்ல வாய் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம்.

அக்கா தன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அவசரத்துல எதையோ தெரியாம தட்டிட்டேன் போல. சாரி போஸ்" என்று சொல்லிச் சைவப் பொத்தானை மூடினார். ஆப் சாவது நின்றது. மேனேஜர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அன்று அக்கா சாப்பிடப் போகவில்லை.

எனக்கு மட்டும் மனம் ஆறவில்லை. அக்கா மாற்றியதை வரி வரியாகப் படித்தேன், ஒரு தப்பும் இல்லை. திரும்ப லாக்கைத் திறந்து வெறித்துக்கொண்டிருந்தபோதுதான் முதல் வரியில் இருந்த நேரம் கண்ணில் பட்டது. பன்னிரண்டு பத்து. இந்தப் பெட்டி பிறந்ததே பன்னிரண்டு பத்துக்கு என்றால், அதற்கு முன்னால் செத்ததைப் பற்றி இதற்கு என்ன தெரியும்? பெயருக்குப் பக்கத்தில் ஏழு என்று ஓர் எண் வேறு. ஏழு தடவை செத்துப் பிறந்திருக்கிறது. காலையிலிருந்து நான் புதிதாகப் பிறந்தவற்றிடமே விசாரித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

செத்ததன் லாக் வேண்டுமென்றால் கட்டளையில் 'முந்தையது' என்று ஒரு சொல் கூடுதலாகச் சேர்க்க வேண்டும். சேர்த்தேன். கடைசி வரி இப்படி இருந்தது: சைவ உணவுப் படங்களின் ஃபோல்டர் இல்லை. யாராவது சைவத்தைத் தொட்டபோதெல்லாம் ஆப் அந்தப் படங்களைத் தேடிச் செத்திருக்கிறது.

அந்த ஃபோல்டர் எங்கே போனது என்று யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை. மூன்று வாரம் முன்பு சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று நான்தான் அழித்தேன். பதினோரு மாதமாக யாரும் தொடாதது எதற்கு என்று நினைத்தேன். புரட்டாசி விரதம் இருக்கிற வீட்டில்தான் நானும் வளர்ந்தேன்.

வெட்கத்தில் காது சூடேறியது. சத்தமில்லாமல் ஃபோல்டரைத் திருப்பி வைத்துவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது என்றும் யோசித்தேன். ஒரு கிளாஸ் தே தாரேக் டீ குடித்து முடிக்கும் வரை அதையே யோசித்தேன். பிறகு எழுந்து மேனேஜர் அறைக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் தன் திரையை என் பக்கம் திருப்பினார். "ஒப்பந்தத்த நீட்டிக்கலன்னு அவங்களுக்கு லெட்டர் டைப் பண்ணிட்டேன். நல்ல வேளை, இன்னும் அனுப்பல" என்று சொல்லி என் முன்னாலேயே அதை அழித்தார்.

அக்காவிடம் அந்த வரியைக் காட்டினேன். இரண்டு தடவை படித்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"அப்ப நான் எதையும் தட்டலியா?"

"இல்லக்கா. நான்தான்."

"ஆனா தட்டினது எனக்கு ஞாபகம் இருக்கே தம்பி" என்றார். எந்த விரல் என்றுகூடக் காட்டினார்.