இறால் டின்னின் அடியில்

என் வீட்டுக்காரருக்குக் கடலை விட்டால் வேறு சாமி கிடையாது. ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் தூண்டில் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு ஜெராம் கரைக்குக் கிளம்பிவிடுவார். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, ஈயக்குண்டைச் சுழற்றி அலைக்கு அப்பால் எறிவார். கொடுவா சிக்கும்வரை கரையேற மாட்டார். மலாய்க்காரர்கள் அதைச் சியாக்காப் என்பார்கள். கல்யாணமான புதிதில் எனக்கு அந்த மீன்மேல் பொறாமைகூட வந்ததுண்டு.

கம்யூனிஸ்டுகளை ஒடுக்க வெள்ளைக்காரன் அவசரகாலம் போட்டதும் எங்கள் ரப்பர் தோட்டத்து லய வீடுகளைச் சுற்றி முள்கம்பி போட்டார்கள். சாப்பாடு காட்டில் ஒளிந்திருக்கும் அவர்களுக்குப் போய்விடுமாம். ஒரு பிடி சோறுகூட கேட்டைத் தாண்டக்கூடாது. பால்மரம் வெட்டப் போகிறவர்களுக்கும் அதே கதிதான். இவர் பகல் முழுக்க வெறும் வயிற்றோடு அலையில் நின்றுவிட்டு, இரண்டு ஞாயிறு தொடர்ந்து கண் இருட்டிக்கொண்டு வீடு வந்தார்.

"கொஞ்சம் சோறு மறைச்சுத் தரட்டுங்களா?" என்று கேட்டேன்.

"வேணாம் புள்ள. புடிச்சா உள்ள தூக்கிப் போட்டுருவானுங்க."

நான் எங்கே கேட்டேன்? எனக்கு எப்போதும் என் புத்திதான் பெரிது. தூண்டில் இரைக்காக ஈரமணலில் இறால் போட்டுவைக்கும் டின் ஒன்று இருந்தது. அவருக்குத் தெரியாமல் ஒரு கை சோற்றை வாழையிலையில் பொதிந்து அதன் அடியில் வைத்தேன். அந்த நாற்றத்துக்குள் எவன் கை விடுவான் என்று நினைத்தேன். கடற்கரையில் இறால் எடுக்கும்போது பொதியைப் பார்த்துச் சிரிப்பார் என்றும் நினைத்தேன்.

அன்றைக்குப் பார்த்து கேட்டில் ஒரு புதுப் போலீஸ்காரன். கை விடவே இல்லை. டின்னை அப்படியே தரையில் கொட்டினான். துள்ளிய இறால்களுக்கு நடுவில் இலைப்பொதி கிடந்தது. வழியனுப்ப வந்த நான் நாலடி தள்ளி நின்றிருந்தேன்.

போலீஸ்காரன் மலாயில் கேட்டதை, பக்கத்தில் நின்ற எங்கள் தோட்டத்துக் கங்காணி மண்டோர் தமிழில் கேட்டார். "யாருய்யா வெச்சது?"

என் வீட்டுக்காரர் ஒரு தரம் என்னைப் பார்த்தார். "நாந்தான் வெச்சேன். வீட்டுல யாருக்கும் தெரியாது."

நான் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். தடுத்தது எது? பயம்தான், வேறென்ன? அவரை லோரியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். நான் குனிந்து இறாலைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

பத்து மாதம் கழித்து இருமலோடு திரும்பினார். அதன்பிறகு தூண்டிலைத் தொடவில்லை. ஏன் வைத்தாய் என்று ஒரு நாளும் கேட்கவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் என் மனம் ஆறியிருக்கும். சோறு போடும்போதெல்லாம் மன்னிப்புக் கேட்க வாயெடுப்பேன். "கொழம்பு ஊத்து புள்ள" என்பார். அத்தோடு சரி.

அந்த இருமல்தான் கடைசியில் அவரைக் கொண்டுபோனது. வாய்க்கரிசி போட என்னைக் கூப்பிட்டார்கள். லயத்து சனம் மொத்தமும் பார்க்க, அரிசியை அள்ளி அவர் வாயில் போட்டேன்.

"அன்னிக்கும் நாந்தாங்க வெச்சேன்" என்றேன்.

சுற்றி நின்றவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. மண்டோர் மட்டும் தலையைக் குனிந்துகொண்டார்.