காலரும் கையெழுத்தும்

துணி வெட்டுவதில் அந்தத் தையல்காரரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. "அரை இஞ்சுதானே, விடுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு, கத்திரியைக் கீழே வைத்துவிட்டு ஒரு பாட்டம் திட்டித் தீர்ப்பார். அதனாலேயே தையல்கடையில் அவருக்கு அரையிஞ்சு என்று பேர். ஆனால் அளவு நோட்டில் அவர் எழுதுவதைப் படிக்க, அவரையும் மனைவியையும் தவிர மூன்றாவது ஆள் இன்னும் பிறக்கவில்லை.

மகள் மூன்றாம் வகுப்பு. 'எழுத்து திருந்தட்டும், அப்புறம் பேனா' என்பது அங்கே டீச்சரின் சட்டம். எல்லார் கைக்கும் பேனா வந்துவிட்டது, பாக்கி இவள் ஒருத்திதான். ஒருநாள் சாயங்காலம் பையைக் கடை மூலையில் வீசினாள்.

"இனிமே ஸ்கூலுக்குப் போகமாட்டேன்ப்பா. எல்லாரும் என்னைப் பென்சில்னு கூப்பிடறாங்க."

அவர் வெட்டுவதை நிறுத்தினார். "கோழிக்கிறுக்கலா எழுதினா வேற எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று எரிந்து விழுந்தார்.

பட்டன் தைத்துக்கொண்டிருந்த மனைவி தலை நிமிரவேயில்லை. "ஆமாமா, அப்பன் எழுத்து முத்துமுத்தா இருக்கே!" என்றாள்.

அவர் கத்திரியை ஓரமாக வைத்துவிட்டு மகள் பக்கத்தில் உட்கார்ந்து, நோட்டை எடுத்து எழுதச் சொன்னார். நோட்டில் மேலே டீச்சர் எழுதிக் கொடுத்த வரி. அதற்கடியில் மகள் முதல் வரியை அழகாகத்தான் எழுதினாள். இரண்டாவது கொஞ்சம் சாய்ந்தது. ஐந்தாவதில் எழுத்துகள் பெருத்துக் கோட்டை விட்டே இறங்கிவிட்டன. அவர் அவள் கண்ணைக் கவனித்தார். அது டீச்சரின் வரிக்குப் போகவேயில்லை. தான் கடைசியாக எழுதியதைப் பார்த்தே அடுத்ததை எழுதிக்கொண்டிருந்தாள்.

"அட கடவுளே!" என்று தொடையைத் தட்டினார். தொழிலுக்கு வந்த புதிதில் அவரே செய்த தப்பு. அளவுக்கு வெட்டி வைத்த அட்டை மாதிரியை வைக்காமல், வெட்டிய காலரை வைத்தே அடுத்த காலரை வெட்டி, ஒவ்வொன்றும் நூலளவு பெருத்து, பத்தாவது காலர் மாட்டுக் கழுத்துக்குத்தான் ஆகும் என்று வந்து நின்றது.

மறுநாள், மாதிரி வெட்டுகிற அட்டையில் ஒரு பட்டை வெட்டி எடுத்துக்கொண்டு பள்ளிக்கூட வாசலில் நின்றார். "டீச்சர், இதுல ஒரு வரி நீங்களே எழுதிக் கொடுங்க. என் எழுத்து இதுக்கு ஆகாது."

அன்றிலிருந்து, எழுதி முடித்த வரியை மறைத்தபடி அட்டை கீழே இறங்கும். டீச்சர் எழுத்து மட்டும்தான் கண்ணில் படும்.

"கொஞ்சூண்டுதான்ப்பா இறங்கியிருக்கு."

"கொஞ்சூண்டா? அழிச்சு எழுது கண்ணு."

மூன்று வாரம் கழித்து, நீலப் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தாள். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. அதை மறைக்க அளவு நோட்டை இழுத்து எதையோ எழுத ஆரம்பித்தார். மகள் எட்டிப் பார்த்தாள். பார்த்தவள், அவர் பேனாவைப் பிடுங்கிக்கொண்டு தன் பழைய பென்சிலை அவர் கையில் வைத்தாள்.

"எழுத்து திருந்தட்டும்ப்பா, அப்புறம் பேனா."

மனைவி ஊசியைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள். அரையிஞ்சு மகளிடம் அட்டையை வாங்கி அளவு நோட்டின் முதல் கோட்டுக்கு மேலே வைத்தார்.