முந்தானையில் முடிந்த புற்றுமண்

அம்மனை நம்பி வாழும் அக்கா தங்கைகளுக்கு, ஒலக்கூர் பக்கத்துச் சம்சாரி வீட்டுப் பெண்ணின் வணக்கம். என் மகளின் கழுத்தில் ஒருவன் கத்தி வைத்திருந்ததை என் கண்ணால் பார்த்தேன். பார்த்ததும் அவன் மண்டையை உடைத்தேன். அதுவும் நம் ஊரில் இல்லை. பாஷை தெரியாத மலேசியாவில், கோலாலம்பூர் நடுத்தெருவில். மகள் ஒரு பக்கம் பேச்சு மூச்சில்லாமல் கிடந்தாள். அவன் ஒரு பக்கம் ரத்தத்தில் கிடந்தான். யாரோ இரண்டு பேர் என் கைகளைப் பின்னால் முறுக்கிப் பிடித்திருந்தார்கள். அவ்வளவுதான், எல்லாம் போச்சு என்று நினைத்தேன். அங்கிருந்து நாகாத்தம்மா என்னை எப்படிக் கரையேற்றினாள் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என் குணத்தைச் சொல்லிவிடுகிறேன். எங்களுக்கு மல்லாட்டையும் கேப்பையும் போடுகிற நிலம் இருக்கிறது. அந்த நிலத்துக்காக நான் சண்டை போடாத ஆள் கிடையாது. நான் மண்ணை வாரித் தூற்றினால் பலிக்கும் என்று ஊரில் ஒரு பேர். வரப்பை வெட்டி எங்கள் பக்கம் நகர்த்திய பங்காளி மேல் போன வருஷம் அப்படித்தான் தூற்றினேன். கொஞ்ச நாளில் அவருடைய கறவை மாடு செத்துப்போனது. மாட்டுக்கு என்ன நோயோ, எனக்குத் தெரியாது. ஆனால் என் மண்ணால் இல்லை என்று நான் ஒருத்தரிடமும் சொல்லவில்லை. பயந்துகொண்டு இருக்கட்டுமே என்று விட்டுவிட்டேன்.

என் ஒரே மகள் பவித்ரா. விழுப்புரத்தில் காலேஜ் படித்துவிட்டு, கோலாலம்பூரில் ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தாள். வருஷம் ஒன்று ஆனதும் டிக்கெட் எடுத்து அனுப்பிவிட்டாள். அவள் அப்பா மல்லாட்டை பிடுங்குகிற நேரம் என்று வரவில்லை. கிளம்புகிற அன்று எங்கள் ஊர் எல்லையில் இருக்கும் நாகாத்தம்மன் கோயிலுக்குப் போனேன். பூசாரி புற்றிலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்துக் காகிதத்தில் மடித்துக் கொடுத்தார். அதை முந்தானையில் முடிந்துகொண்டேன். தினமும் புடவை மாற்றும்போது அந்த முடிச்சும் புதுப் புடவைக்கு மாறிவிடும்.

“இன்னாம்மா இது, ஊரையே முடிஞ்சிக்கினு வந்துட்டியா?” என்று போய் இறங்கிய அன்றைக்கே மகள் சிரித்தாள்.

முதல் நாள் இரட்டைக் கோபுரம் காட்டினாள். அண்ணாந்து பார்த்துக் கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். டிரைவரே இல்லாத ரயிலில் ஏற்றினாள். நான் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நாகாத்தம்மா பேரைச் சொல்லிக்கொண்டே போனேன். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நான் கையைப் பிடித்து ரோடு கடத்திவிட்ட பிள்ளை, அங்கே என் கையைப் பிடித்து ரோடு கடத்திவிட்டாள். எதிரில் வருகிறவர்களிடம் மலாய் பேசினாள். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, கோபமாகவும் இருந்தது. இங்கே நான் எதற்கும் உதவாதவள் ஆகிவிட்டேனே என்ற கோபம். அதனாலேயே புத்தி சொல்ல எது கிடைக்கும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன்.

அவள் தோளில் ஒரு பை தொங்கியது. “ஒத்தத் தோள்ல தொங்க உட்டுக்கினு போறியே, எவனாவது புடுங்கிக்கினு பூடுவான். குறுக்கால மாட்டுடி” என்றேன். நம் ஊர்ப் பஸ்ஸில் நாம் அப்படித்தானே மாட்டிக்கொள்வோம். அவளும் முணுமுணுத்துக்கொண்டே கழுத்து வழியாகக் குறுக்கே மாட்டிக்கொண்டாள்.

மறுநாள் பத்துமலை முருகனைப் பார்க்கப் போனோம். அவளுக்கு வேலை கிடைத்தால் ஒரு தேங்காய் உடைக்கிறேன் என்று நான் எப்போதோ வேண்டிக்கொண்டது. தேங்காயும் வாங்கியாகிவிட்டது. ஆனால் ஒரே கூட்டம். ஒரு குரங்கு வேறு என் தலையில் இருந்த பூவைப் பிடுங்கிக்கொண்டு ஓடியது. சாமி பார்த்துவிட்டு இறங்குவதற்குள் மகள் அவசரப்படுத்த ஆரம்பித்துவிட்டாள்.

“ஜல்தி வாம்மா, டிரெயின் பூடும். ரூமாண்ட ஒரு புள்ளையார் கோயிலு இருக்குது, நாளைக்கு அங்க ஒடச்சிக்கலாம்.”

“வேண்டிக்கினது முருகனுக்குடி.”

“அண்ணனுக்கு ஒடச்சா தம்பி கோச்சிக்க மாட்டாரு. பேஜாரு பண்ணாத, வா.”

அப்படித்தான் உடைக்காத தேங்காய் மஞ்சப்பையோடு என்னுடனேயே வந்தது.

மூன்றாம் நாள் கடைத்தெரு பார்க்கக் கூட்டிப்போனாள். நான் தேங்காய்ப் பையைத் தூக்கிக்கொண்டு, நேர்ந்ததை முடிக்காமல் ஊர் சுற்றுகிறோமே என்று புலம்பிக்கொண்டே பின்னால் நடந்தேன். அவள் முன்னால் போய்க்கொண்டிருந்தாள். நல்ல மத்தியான வெயில். பின்னாலிருந்து ஒரு பைக் உரசுவது போல வந்தது. அதில் இரண்டு பேர். பின்னால் இருந்தவன் கையை நீட்டினான்.

பை அவன் கைக்குப் போனது. ஆனால் பையின் வார் மகளின் கழுத்தை விட்டு வரவில்லை. நான்தானே குறுக்கே மாட்டச் சொன்னேன்! பைக் அவளை அப்படியே இழுத்துக்கொண்டு போனது. அவள் தலை தார் ரோட்டில் மோதி மோதி எழும்பியதை நான் பார்த்தேன். அவள் அம்மா என்றுகூடக் கத்தவில்லை. நான்தான் கத்தினேன். ஓடினேன், புடவை தடுக்கி விழுந்தேன், முழங்கால் கிழிந்தது, எழுந்து மறுபடி ஓடினேன். தூரத்தில் பைக் நடைபாதையில் ஏறி, ஒரு இரும்புக் கம்பத்தில் மோதிக் கவிழ்ந்தது.

நான் போய்ச் சேரும்போது பைக் கிடந்தது. பின் சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்தது. மகள் அதன் பக்கத்தில் கிடந்தாள். ஒருவன் அவள் மேல் முழங்காலை ஊன்றி, ஒரு கையால் அவள் தலையைப் பிடித்துக்கொண்டு, மறு கையில் இருந்த கத்தியை அவள் கழுத்தில் வைத்து அறுத்துக்கொண்டிருந்தான்.

நான் யோசிக்கவில்லை. மஞ்சப்பையைத் தலைக்கு மேல் சுழற்றி அவன் பிடரியில் இறக்கினேன். அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது. அவன் குப்புற விழுந்தான். அப்போதும் நான் விடவில்லை. புரட்டிப்போட்டு, நெஞ்சில் ஏறி உட்கார்ந்து, முகத்தில் மாறி மாறிக் குத்தினேன். ரத்தம் என் வளையல் வரைக்கும் தெறித்தது. ஜனங்கள் ஓடிவந்து என்னை இழுத்துப் பிடித்தார்கள். மலாயில் ஏதேதோ கத்தினார்கள். என் மகளைக் கொல்ல வந்தவனுக்கு ஊரே பரிந்து பேசுகிறதே என்று அவர்களையும் கடித்தேன், உதைத்தேன்.

குனிந்து மண்ணைத் தேடினேன். அவன் வம்சமே நாசமாகப் போகட்டும் என்று வாரித் தூற்ற வேண்டும். ஆனால் எங்கே பார்த்தாலும் தாரும் சிமெண்டும். ஒரு பிடி மண் இல்லை. எனக்கு அழுகையே அப்போதுதான் வந்தது.

இரண்டு பேரையும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். என்னையும் போலீஸ் வண்டியில் அங்கேயே கொண்டுபோய் வராந்தாவில் உட்கார வைத்தார்கள். மகளுக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது, தலையில் அடி, நினைவு இல்லை. ஒன்றும் சொல்ல முடியாது என்று டாக்டர் கையை விரித்துவிட்டதாகத் தமிழ் தெரிந்த ஒரு நர்ஸ் சொன்னாள். வராந்தா ஓரம் ஒரு பூந்தொட்டி தெரிந்தது. எழுந்துபோய் அதற்குள் கையை விட்டேன். பிளாஸ்டிக் செடி, அடியில் வெள்ளைக் கூழாங்கல். அங்கேயும் மண் இல்லை.

அப்புறம்தான் முந்தானை முடிச்சு ஞாபகம் வந்தது.

அவிழ்த்தேன். புற்றுமண்ணைக் கையில் கொட்டிக்கொண்டேன். நாகாத்தம்மா மண்ணாலேயே அவனை அழிக்கிறேன் என்று கையை ஓங்கினேன். சாமி மண்ணாயிற்றே, முதலில் அவள் பேரைச் சொல்ல வேண்டும். ‘தாயே’ என்றேன். அதற்கு மேல் சாபம் வரவில்லை. வாயில் தயாராக இருந்த வார்த்தைகள்தான், எத்தனையோ முறை வரப்பில் நின்று சொன்ன வார்த்தைகள்தான். ஒன்றும் வரவில்லை. “தாயே, என் பொண்ணக் குடு” என்றுதான் வந்தது. அதையே சொல்லிச் சொல்லி அழுதேன். ஓங்கிய கை தானாக இறங்கி, மண்ணை இறுக்கிப் பிடித்துக்கொண்டது.

கொஞ்ச நேரத்தில் தமிழ் பேசுகிற ஒரு போலீஸ்காரப் பெண் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்து போனை நீட்டினார். கடை ஒன்றின் கேமராவில் பதிவானதாம்.

“அம்மா, இத முழுசாப் பாருங்க” என்றார்.

பைக் கவிழ்கிறது. திருடர்கள் இரண்டு பேரும் எழுந்து சந்துக்குள் ஓடுகிறார்கள், ஒருவன் என் மகளின் கையை மிதித்துக்கொண்டே ஓடுகிறான். பையின் வார் சுற்றுகிற சக்கரத்தில் சிக்கி, ஒவ்வொரு சுற்றுக்கும் அவள் கழுத்தை இறுக்குகிறது. அவள் கால்கள் வெட்டி வெட்டி இழுக்கின்றன. எதிரே பழம் நறுக்கி விற்றுக்கொண்டிருந்த ஒரு மனிதர் கையிலிருந்த கத்தியோடு ஓடி வருகிறார். முழங்காலை ஊன்றிக்கொண்டு வாரை அறுக்கிறார். வார் அறுந்து விழுகிறது. அதற்குப் பின்னாலேயே ஒரு பொம்பளை மஞ்சப்பையைச் சுழற்றிக்கொண்டு வருகிறாள்.

நான்தான் அது.

“அவர் திருடன் இல்லம்மா. அவர் அறுக்கலன்னா உங்க மக அங்கேயே முடிஞ்சிருப்பாங்க” என்றார். அந்த மனிதர் பேர் ஜமால். மண்டை ஓட்டில் விரிசல், உள்ளே ஆபரேஷன் நடக்கிறது என்றார். பிறகு எதிர் பெஞ்சைக் காட்டினார். அங்கே அவர் மனைவி, மடியில் தூங்குகிற குழந்தையோடு உட்கார்ந்திருந்தாள். நான் கையை ஓங்கியபோதும் அவள் அங்கேதான் உட்கார்ந்திருந்தாள். அந்தக் குழந்தையின் வம்சத்தைத்தான் நான் நாசமாக்கப் பார்த்தேன்.

எழுந்துபோய் அவள் முன்னால் நின்றேன். நான் யார் என்று போலீஸ்காரப் பெண் சொன்னதும், குழந்தையைப் பெஞ்சில் கிடத்திவிட்டு எழுந்து என் கன்னத்தில் பளார் என்று அறைந்தாள். மறுபடியும் அறைந்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. என்மேல் கை வைத்தவர்களை நான் சும்மா விட்டது கிடையாது. அன்றைக்குத் தலையைக் குனிந்து நின்றேன். அது எனக்கு வேண்டியதுதான்.

சாயந்திரம் பவித்ரா கண் விழித்தாள். “தேங்கா ஒடச்சிட்டியாம்மா?” என்றாள். தேங்காய் பைக்குள் இரண்டாகக் கிடந்தது. அதை அவளிடம் எப்படிச் சொல்வது? புற்றுமண்ணில் ஒரு துளி எடுத்து அவள் நெற்றியில் பூசினேன். என் வேண்டுதல் பலித்துவிட்டது. ஆனால் சந்தோஷப்பட முடியவில்லை. என் பிள்ளையைக் கொடுத்தவர் அடுத்த அறையில் செத்துக்கொண்டிருந்தால் அது என்ன வரம்?

மீதி மண்ணைக் கையிலேயே வைத்துக்கொண்டு அந்தப் பெஞ்சின் மறுகோடியில் போய் உட்கார்ந்தேன். ஜமால் நெற்றியிலும் பூச ஆசைதான். அவர்களுடைய சாமி வேறு, அது தப்பு. கைக்குள்ளேயே வைத்து, “தாயே, ரெண்டு உசுரையும் குடு. ஒண்ண மட்டும் குடுத்தா எனக்கு வேணாம்” என்று கேட்டேன். பெற்ற பிள்ளையைப் பணயம் வைத்துக் கேட்கிறோம் என்று தெரிந்தது. ஆனாலும் கேட்டேன். ஜமாலின் மனைவி தன் மணிமாலையை உருட்டிக்கொண்டிருந்தாள்.

விடிந்த பிறகு டாக்டர் வெளியே வந்து மலாயில் ஏதோ சொன்னார். எனக்குப் புரியவில்லை. அவள் பாய்ந்து வந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். இன்னொரு அறைதான் என்று கண்ணை மூடினேன். அவள் என் தோளில் முகத்தைப் புதைத்து அழுதாள். ஜமால் பிழைத்துவிட்டார் என்று அப்போதுதான் புரிந்தது. ராத்திரி முழுக்க மூடியிருந்த கை விறைத்துப்போயிருந்தது. ஒவ்வொரு விரலாக அவள்தான் பிரித்துவிட்டாள்.

நினைவு வந்ததும் ஜமால் கேட்டது, அந்தப் பெண் பிழைத்தாளா என்று. “கத்தியோடு என்னைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும், கேஸ் வேண்டாம்” என்று போலீஸிடம் சொல்லிவிட்டார். ஆனால் என் முகத்தை அவர் பார்க்கவில்லை. காலைத் தொடப் போனேன், போர்வைக்குள் காலை இழுத்துக்கொண்டார். வலி அவருடையது, நான் என்ன சொல்ல முடியும்? பவித்ரா இப்போது வாரம் தவறாமல் அவர் கடையில் பழம் வாங்குகிறாளாம். அவர் மனைவி மட்டும் என்னை விசாரிப்பாளாம்.

ஊருக்கு வந்ததும் மீதி மண்ணை அந்தப் புற்றிலேயே சேர்த்துவிட்டுக் கும்பிட்டேன். பிறகு நிலத்துக்குப் போனேன். மழையில் வரப்பு உடைந்து கிடந்தது. பங்காளி தன் பக்கம் நின்றுகொண்டிருந்தார். நான் குனிந்து இரண்டு கையாலும் மண்ணை அள்ளினேன்.

“அண்ணி, வேணாம்! மாட்டோட போவட்டும், பசங்க இருக்குதுங்க!” என்று கத்திக்கொண்டே பின்னால் நகர்ந்தார். ஒரு வருஷமாக அந்த மனிதர் இந்தப் பயத்தோடுதான் படுத்து எழுந்திருக்கிறார்.

“மாடு நோயில செத்துது தம்பி, என் மண்ணால இல்ல” என்றேன். அள்ளிய மண்ணை உடைந்த வரப்பில் வைத்து மிதித்தேன். அவரும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வந்தார்.

அக்கா தங்கைகளே, வயிறு எரிந்து மண்ணை அள்ளுகிற நேரம் உங்களுக்கும் வரும். வரட்டும். அள்ளிய கையோடு ஒரு நிமிஷம் நின்று, முதலில் அவள் பேரைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு வாயில் என்ன வருகிறதோ, அதை அவளிடம் தைரியமாகக் கேளுங்கள். எனக்குக் கொடுத்தவள் உங்களுக்கும் கொடுப்பாள்.